கத்தியைப் பற்றிச் சொன்னவள் நான்தான்

டேய், தேடுவதை நிறுத்து. ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் பெண்ணிடம் நம்ம ஊர் அம்மன் கத்தியைப் பற்றிச் சொன்னது யார் என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கிறாயாமே. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் கேட்கிறாயாம். ஆள் அகப்பட்டால் ஊரை விட்டுத் தள்ளிவைப்போம், அந்த வீட்டு வலைக்கு ஏரியில் இடம் கிடையாது என்று கூட்டத்தில் சொன்னாயாம். நான் வீட்டை விட்டு வந்து பொன்னேரி மார்க்கெட்டுக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருப்பதால் எனக்கு ஒன்றும் எட்டாது என்று நினைத்துவிட்டாய். மீன் கூடையோடு ஊர்க்கதையும் சேர்ந்துதான் இங்கே வந்து இறங்குகிறது. சொன்னது நான். உன்னைப் பெற்ற நான். தள்ளிவைப்பதாக இருந்தால் முதலில் உன் வீட்டு வலையைச் சுருட்டிக் கரையில் போடு.

நம்ம ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. ஓரமாக நின்று கேட்கலாம், டீ போட்டுக் கொடுக்கலாம், முடிந்த பிறகு பாயைச் சுருட்டலாம். அந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் செத்துப்போனார்கள். எட்டாவது வரை படித்த கை இது, எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஊர் குரூப்பில் போடப் போகிறேன். நீ படிப்பதற்குள் உன் பஞ்சாயத்துக்காரர்கள் படித்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதற்கும் முன்னால் படித்துவிடுவார்கள். நீ குரூப் அட்மின், அழித்துவிடலாம் என்று பார்ப்பாய். அழி. வாயால் சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகும்? நான் மீன் விற்கிறவள், என் குரல் எதுவரை போகும் என்று உனக்கே தெரியும்.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீ ஊருக்கு வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய். ஈரலைத் தின்கிற மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்று, ஹெபடைடிஸ் சி என்று பேர், அது எந்த ஊரில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. நமக்காக மட்டும் வரவில்லை. காட்டூரில் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று நெல்லு விளைகிற ஊர்களில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நம்ம பக்கம் வந்தார்கள். வலைக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நானும் போய்க் கையை நீட்டினேன். மத்தியானத்துக்குள் பாதி ஊர்கூட முடியவில்லை. அதற்குள்ளேயே அந்த நர்ஸ் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவராக, "நீங்க இன்னொரு தபா ரத்தம் குடுக்கணும்மா, நீங்களும் கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது வந்தாய் நீ, மீசையை முறுக்கிக்கொண்டு, கையில் பூட்டோடு.

"இன்னா மேடம், எங்க ஊரு ரத்தத்துல இன்னா கண்டுட்டீங்க? கடல்ல போறவன் ரத்தம் இது. போயி வேற ஊரப் பாருங்க"னு சொன்னாய். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் குழாய்களைப் பெட்டியில் அடுக்கினாள். நீ கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாய். அன்று ராத்திரி உனக்கு நான் சோறு போட்டேன் என்பதை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. மீன் தலையை வேறு உனக்குத்தான் வைத்தேன்.

ஊர் மானத்தைக் காப்பாற்றத்தான் பூட்டினேன் என்கிறாய். காப்பாற்றிய லட்சணத்தைக் கேள். மறுவாரம் மார்க்கெட்டில், வருஷக் கணக்காக என்னிடமே இறால் வாங்குகிற காட்டூர்க்காரம்மா கூடைக்கு முன்னால் வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள், தொடவில்லை. "ஏம்மா, உங்க ஊர்ல ஊரு பூரா காமாலைக் கிருமியாமே? இந்த எறால்ல வந்துடுமா?" என்றாள். "மீன்ல வராது, எறால்ல வராது, ரத்தத்துலதான் வரும். நீ இன்னா என் ரத்தத்தையா கொழம்பு வைக்கப் போற?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவளே சொன்னாள்: "எங்க ஊர்லயும்தான் பாத்தாங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கு இருந்துச்சு. மாத்திர சாப்புடறாரு, ஏரு ஓட்டறாரு. அவரப் பத்தி யாரும் ஒண்ணும் பேசல. உங்க ஊர்லதான் பூட்டிக்கினாங்களாம், அதனாலதான் பயந்துக்கினோம்." புரிகிறதா? எண்ணிப் பார்த்த ஊரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எண்ண விடாத ஊருக்குத்தான் ஊர் பூரா என்று பேர் வந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நீ, இப்போது சோற்றையும் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

பூட்டிய அன்றே வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய் அந்தப் பெண்ணை நிறுத்தினேன். எனக்கும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, இன்னொரு பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, தனக்குத்தானே பேசுகிற மாதிரி கேட்டாள்: "அதே ஏரி, அதே காத்து, பக்கத்து பக்கத்து ஊரு. அங்க ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு இருக்குது. இங்க இப்டி இருக்குது. அவங்க செய்யாதது நீங்க இன்னாம்மா செய்றீங்க? ஊசி போடற ஆளு யாராச்சும் ஊருக்குள்ள வர்றாரா? பச்சை குத்துறீங்களா?" இல்லை என்றேன். இல்லை என்று சொன்ன அதே நொடியில் என் கட்டை விரலைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, பயந்து சொல்லவில்லை. கேட்டாள், பதில் என் விரலிலேயே இருந்தது, சொன்னேன்.

கை மாறிப் போய் இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கும் தெரியட்டும். கெளுத்தி மீன் முள் குத்தினால் கை எரிந்து வீங்கும். அந்த விஷ ரத்தம் வெளியே போக வேண்டும் என்று எங்கள் ஊரில் அம்மன் கோயிலில் ஒரு கத்தி இருக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். அதை வைத்துக் காயத்தைக் கீறுவார்கள். குத்தினால் மட்டும் அல்ல, வருஷா வருஷம் குத்தாமலே கீறுவார்கள். எந்த வலை எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று ஏரிக்குச் சீட்டுப் போடுகிற நாளில், ஊர் முழுவதும் வரிசையாக நின்று கட்டை விரலை நீட்டும். ஆளுக்கு ஒரு சின்னக் கீறல், ஒரு சொட்டு ரத்தம். அதற்கு மேல் அந்த வருஷம் முள் விஷம் ஏறாது என்று நம்பிக்கை. புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்ணுக்கும் முதல் தடவை வலையில் மீன் பிரிக்க உட்காரும்போது கீறுவார்கள். ஒருவர் விரலுக்கும் அடுத்தவர் விரலுக்கும் நடுவில் கத்தியை மஞ்சள் துணியில் ஒரு துடை துடைப்பார்கள், அவ்வளவுதான். வெந்நீரில் போடக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. அம்மன் பொருளில் சூடு பட்டால் ஏரி மீனை மறைத்துவிடும் என்பார்கள். காட்டூரில் இந்தக் கத்தி இல்லை. நெல்லுக்கு ஏது முள்?

அந்தக் கத்தியைப் பிடிக்கிற உரிமை நம்ம வீட்டுக்கு. நீ இன்றைக்குப் பஞ்சாயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது உன் மூளைக்காக இல்லை, அந்தக் கத்திக்காக. உன் அப்பன் உனக்கு முதல் கீறல் போட்ட நாள் நினைவிருக்கிறதா? மீசை அரும்பாத வயது. பெரிய மனுஷன் மாதிரி வரிசையில் நின்றவன், உன் முறை வந்ததும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "நைனா, எனக்கு வேணாம் நைனா, நான் கெளுத்தியவே தொட மாட்டேன்"னு கத்தினாய். கரையே சிரித்தது. நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்து நீட்டினேன். பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டு என் முந்தானைக்குள் ஒளிந்தாய். அன்று உனக்கு இருந்த புத்தி இன்றைக்கு இல்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

உன் நைனா எப்படிக் கீறுவார் என்றும் உனக்குத் தெரியும். முதல் கீறல் தன் விரலில்தான். தன் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் கையைத் தொடுவார். தனக்கு வலிக்காததை ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்பார். அந்த நல்ல மனசே எமன் ஆகியிருக்கலாம் என்று இப்போது நினைக்கும்போது என்னால் உட்கார முடியவில்லை. கத்தியால்தான் வந்தது என்று அந்த நர்ஸ் பெண் சத்தியம் செய்யவில்லை. அந்தக் காலத்தில் கொதிக்க வைக்காத ஊசியாலும் வந்திருக்கலாம், வேறு எப்படியும் வந்திருக்கலாம், எல்லாரையும் பார்த்து, யாருக்கு இருக்கிறது யாருக்கு இல்லை என்று எண்ணினால்தான் வழி தெரியும் என்றாள். அந்த எண்ணிக்கையைத்தான் நீ பூட்டிவிட்டாய். என் புருஷன் மேல் பழி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூட எனக்கு நீ வழி விடவில்லை.

ஆனால் ஒன்று. உனக்குச் சந்தேகமே இல்லை என்று எனக்குத் தெரியும். வண்டி வந்துபோன பிறகு நீ முடிவெட்டப் போகும்போது சட்டைப் பையில் என்ன கொண்டுபோகிறாய்? புது பிளேடு. நான் துவைக்கிற சட்டைதானே, எனக்குத் தெரியாதா? பையில் இருந்து உறையோடு விழுந்தது. கடைக்காரர், "உங்க புள்ள இப்பல்லாம் பிளேட அவரே எட்தாந்து குடுக்கறாருமா, இன்னா எங்க மேல நம்பிக்கை இல்லியா?"னு என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். உன் கன்னத்துக்குப் புது பிளேடு. ஊரார் விரலுக்கு மஞ்சள் துணி. உன் நைனா தெரியாமல் செய்தார். நீ தெரிந்து செய்யப் போகிறாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் போடுகிறார்கள், கத்தி எடுக்கப்போவது நீ. அதுதான் உனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம். அதற்கு நம்ம ஊர்ப் பேச்சில் என்ன பேர் என்று நான் எழுதத் தேவையில்லை.

இனிமேல் எழுதப்போவது என் நெஞ்சில் கிடந்து புழுங்கியது. உன் நைனாவுக்கு வயிறு வீங்கி, கால் வீங்கி, கண் மஞ்சளாகி, சென்னையில் பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தோம். டாக்டர் வந்து, "குடிப்பாரா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "ஆமா சார், கொஞ்சம் ஜாஸ்தி"னு சொன்னாய். படுக்கையில் இருந்த மனுஷன் உன்னைத் திரும்பிப் பார்த்தார். பேச முடியவில்லை, பார்த்தார். திருவிழாவில்கூடக் கள்ளைத் தொடாதவர். கத்தி பிடிக்கிற கை நடுங்கக் கூடாது என்று ஆயுசு முழுக்க விரதம் மாதிரி இருந்தவர். ரத்தம் கக்கித்தான் போனார். சாவுக்கு வந்தவர்களிடமும் நீ அதையே சொன்னாய். ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். கத்தி பிடித்தவன் ரத்தம் கக்கிச் செத்தால் அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று ஊர் பேசும், கத்தி வேறு வீட்டுக்குப் போய்விடும். குடித்துச் செத்தான் என்றால் கத்தி நம்ம வீட்டிலேயே இருக்கும். அப்பனைக் குடிகாரன் ஆக்கி நீ நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டாய். இன்றைக்கும் கரையில் எவனாவது தள்ளாடினால், "இவன் பழைய கத்திக்காரர் மாதிரி போயிடுவான்"னு சொல்கிறார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போகிறேன். உன்னை அன்றைக்கே அறைந்திருக்க வேண்டும், பிணத்துக்கு முன்னாலேயே.

இரண்டாவது பரிசோதனையில் எனக்கும் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது, நான் மாத்திரை சாப்பிடுகிறேன். சென்னைக்குப் போய் வாங்கி வருகிறேன், காசு கேட்பதில்லை. தினமும் போட வேண்டும், மூன்று மாதம் போல. போட்டால் கிருமி பெரும்பாலும் போய்விடும் என்கிறார்கள். உன் நைனா காலத்தில் இது நமக்குக் கிடைத்திருந்தால், யாராவது ஒருவர் அவர் கையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால், அவர் இன்று படகில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார். நான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரையை மறைத்து வைத்துச் சாப்பிட்டேன், என் சொந்த வீட்டில், என் சொந்தப் பிள்ளைக்குப் பயந்து. அந்த அசிங்கம் தாங்காமல்தான் வீட்டை விட்டு வந்தேன். மார்க்கெட் பக்கத்தில் இருந்தால் வியாபாரத்துக்கு வசதி என்று உன்னிடம் சொன்னது பொய். பொய் சொல்ல உன்னிடம்தானே படிக்க வேண்டும்.

உன் மேல் எனக்குப் பாசம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. நீ ஒரே பிள்ளை, வேறு யார் மேல் வைப்பேன்? புயலில் எதிர்வீட்டுக் கிழவரை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன் நீ, அதை நான் மறக்கவில்லை. ஆனால் பாசம் இருக்கிறது என்பதால் உன்னை எனக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. இப்போது பிடிக்கவில்லை. உன் கையிலும் அதே கீறல்கள், உன் உடம்பிலும் அதே வரிசையின் ரத்தம். நீ கையை நீட்டி ரத்தம் கொடுக்காமலே இருந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்க வைக்கிற நாளையும் நான் பார்க்க வேண்டுமா? டாக்டர் குடிப்பாரா என்று கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடு.

கடைசியாகத் தேவகி. உன் பெண்டாட்டி அவள் அம்மா வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. என்னோடு இந்த அறையில் இருக்கிறாள். நான் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவள்தான் படம் பிடிக்கிறாள். ஐந்து மாத வயிற்றோடு அவளாகவே என் பின்னால் வந்து, "எனக்கும் பாத்துடுங்கத்தே" என்றாள். பார்த்தார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்கள். அவளுக்கும் இருக்கிறது. அவள் பிறந்த ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம், அங்கே கத்தி இல்லை, அவள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை, அவர்களையும் வரச் சொல்லிச் சோதித்துப் பார்த்துவிட்டோம். கல்யாணமாகி வந்த புதிதில், கரை முழுக்க மேளம் அடிக்க, அவள் விரலைப் பிடித்து நீதான் கீறினாய். அவளுக்குப் பிரசவம் முடிந்த பிறகுதான் மாத்திரை தருவார்களாம். பிள்ளைக்கு வராமலே போகலாம், பெரும்பாலும் வராது என்றாள் நர்ஸ் பெண். ஆனாலும் பிறந்த பிறகு அதற்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டுமாம். இதைக் கேட்டு அவள் அழவில்லை. நான்தான் மார்க்கெட் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன்.

இதை எழுதலாமா, ஊரெல்லாம் படிக்குமே, உனக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கத்தே. அவரு ஊருக்கு முன்னாடிதான கீறுனாரு? ஊருக்கு முன்னாடியே படிக்கட்டும்" என்றாள்.

அந்த நர்ஸ் பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் வண்டியோடு வருகிறாள். நான் கேட்டுக்கொண்டேன், வருகிறேன் என்றாள். நானும் தேவகியும் அதே வண்டியில் வருகிறோம். கூடத்தைத் திறந்தாலும் சரி, கரை மணலில் மேசை போட்டாலும் சரி. ஊர்ப் பெண்கள் வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ முதல் ஆளாக வந்து சட்டைக் கையை மடக்கி உட்காரலாம். உன் நைனா முதல் கீறலைத் தனக்குத்தான் போட்டுக்கொண்டார். அல்லது கத்தியோடு கோயில் வாசலில் நின்று, இவர்கள் சொல்வது பொய் என்று ஊருக்குச் சொல்லலாம். அப்படிச் சொல்வதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்து வை. உன் நைனாவைக் குடிகாரர் என்றாய். என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்பாய். தேவகியை என்னவென்று சொல்லப் போகிறாய்? பிறக்கப் போகிற பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பேர் பார்த்து வை.